அங்கண்ணனின் மானும் அதன் ஈக்களும்

எங்கள் மடத்தில் காவி கிடையாது. துறவு கேட்டு வருகிறவனுக்கு ஒரு மான் தோல், அவ்வளவுதான். அதையும் யாரும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். அவனேதான் தேடிக்கொண்டு வர வேண்டும்.

அதற்கு ஒரு முறை உண்டு. மான் தானாகச் செத்திருக்க வேண்டும். கண்ணியில் விழுந்தது ஆகாது. புலி அடித்ததும் செந்நாய் கடித்ததும் ஆகாது. நோயிலோ முதுமையிலோ படுத்து, அதுவாக மூச்சு அடங்கிய மானாக இருக்க வேண்டும். அதைக் கண்டவன் தன் கையாலேயே தோலை உரித்து, உப்புத் தடவி, கடுக்காய்ப் பொடி போட்டுப் பதப்படுத்தி, மடத்துக் கூடத்தில் விரித்து உட்கார வேண்டும். அன்றைக்கு மடத்துத் தலைவரான சாமி அவன் காதில் ஒரு வார்த்தை சொல்வார். அதோடு அவன் துறவி. இப்போது மான் தோலோடு பிடிபட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். இது அந்தச் சட்டங்களுக்கெல்லாம் முந்தின கதை.

கேட்பதற்கு லேசாக இருக்கிறது. காட்டில் தானாகச் சாகிற மானை யார் கண்டது? கால் தளர்ந்த மானைச் செந்நாய் அன்று மாலைக்கு விட்டுவைக்குமா? வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. காத்து அலுத்து ஊருக்கே திரும்பிப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டவர்களும் உண்டு. இந்த முறையை ஏற்படுத்திய பெரியவர் அதற்காகத்தான் ஏற்படுத்தினாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் மடத்துச் சமையல்காரன். எனக்குத் தோலும் வேண்டாம், துறவும் வேண்டாம். அடுப்படியில் ஒரு சாக்கு கிடக்கிறது, அது போதும்.

அங்கண்ணன் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் மண்டி வைத்திருந்தவர். ஐம்பது தாண்டியதும் மண்டியையும் நிலத்தையும் மகன் பேரில் எழுதிவிட்டு, மனைவியிடம் சொல்லிக்கொண்டு மலையேறி வந்தார். திரும்பிப் போக ஒரு கதவைக்கூடத் திறந்து வைக்கவில்லை என்று வந்த அன்றே சாமியிடம் சொன்னார். சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். சொன்னதைக் கேட்டுக்கொண்டார். ஒரு கோரைப்பாய் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

கூடத்தில் தோல் கிடைத்தவர்கள் முன்னால் உட்காருவார்கள். கிடைக்காதவர்கள் பின்னால், பாயில். அந்தப் பாயில்தான் அங்கண்ணன் வருஷம் வருஷமாக வெந்துகொண்டிருந்தார். அவருக்கு வெகு காலம் பின்னால் வந்தவர் ஒரு சென்னிமலை நெசவுக்காரர். வந்த கோடையிலேயே ஓடைக்கரையில் ஒரு கிழட்டு மான் செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டார். அவர் தோலை விரித்து முன்வரிசையில் உட்கார்ந்த அன்று மடத்தில் சர்க்கரைப் பொங்கல். அங்கண்ணன் வயிறு சரியில்லை என்று இலையை மூடிவிட்டார்.

ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. மடத்தில் அவரைப் போல நியமம் காத்தவர் யாரும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். கொசு உட்கார்ந்தால் ஊதிவிடுவார். நடக்கும்போது கண் தரையை விட்டு எழும்பாது, எறும்பு மிதிபட்டுவிடுமாம். நான் அடுப்பில் விறகு வைக்குமுன் தட்டிப் பார்த்தேனா, உள்ளே பூச்சி இருந்ததா என்று தினமும் வந்து நிற்பார். பூச்சியின் உயிரைப் பார்த்த மனுஷர் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மடத்துக்குக் கீழே இருக்கும் சுனையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஒரு நாள் காலை, சுனைக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் ஒரு பெட்டைப் புள்ளிமான் படுத்திருந்தது. தண்ணீர் குடிக்க வந்தது, குடித்துவிட்டு எழுந்து போகத் தெம்பில்லை. எலும்பெல்லாம் தெரிந்தது. நாங்கள் கிட்டே போயும் காதைத்தான் அசைத்தது.

உடம்பு முழுக்க ஈ. நம் வீட்டு ஈ அல்ல. சப்பையாக, பழுப்பாக, தோல் துண்டு மாதிரி இருக்கும். இறக்கை கிடையாது. மயிருக்குள் நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும். நகத்தால் நசுக்கினாலும் லேசில் சாகாது. ரத்தம்தான் ஆகாரம். நன்றாக இருக்கிற மான் மேலும் பத்து இருபது இருக்கும், அது மரத்தில் உரசி, நக்கி, கடித்துத் தள்ளிக்கொள்ளும். இந்த மானுக்குத் திரும்பி நக்கக்கூடச் சக்தியில்லை. அதனால் அவை பெருகிப்போய்க் கழுத்திலும் தொடை இடுக்கிலும் மொய்த்துக் கிடந்தன.

அங்கண்ணன் அன்றைக்கே முள் வெட்டிக்கொண்டு வந்து மானைச் சுற்றி வேலி கட்டினார். செந்நாய் வந்துவிடக் கூடாதே என்றார். உள்ளங்கையெல்லாம் முள் கிழித்த ரத்தம். பிறகு வேலிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் அங்கே, பொழுது சாய்ந்தால்தான் மடத்துக்கு. நாலு புல் பிடுங்கிப் போடுவார், சிரட்டையில் தண்ணீர் வைப்பார். என்ன மனசு, என்ன இரக்கம் என்று மடமே பேசிற்று. நானும் பேசினேன்.

ஒரு நாள் அடுப்படிக்கு வந்து ஒரு படி உப்புக் கேட்டார். மான் உப்பு நக்கும், அதற்குத்தான் என்று அள்ளிக் கொடுத்தேன். மறுநாள் வந்து கடுக்காய்ப் பொடி இருக்கிறதா என்றார்.

மானுக்கு எதற்குக் கடுக்காய்?

எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, கஞ்சியோடு அவர் பின்னாலேயே சுனைக்குப் போனேன். மான் கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது. ஈ அதன் இமை ஓரத்துக்கே வந்துவிட்டிருந்தது. இவற்றைப் பிடுங்கிப் போட்டாலே பாதி நோய் தீருமே, நானும் கூட உட்கார்ந்து எடுக்கிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார். ஈயும் உயிர்தானே, இறக்கை இல்லாத ஜீவன், மானைவிட்டு எடுத்துப் போட்டால் போக இடம் இல்லாமல் செத்துப்போகுமே, விரதம் பிடித்தவன் கையால் அந்தப் பாவமா என்று கேட்டார். அவர் குரலில் பொய் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று மாலை கூடத்தில் அவரே எழுந்து சாமியிடம் கேட்டார்.

"மானை ஈ தின்னுது. ஈயை எடுத்தா ஈ சாகுது. விட்டா மான் சாகுது. எதையும் கொல்லக் கூடாதுன்னு இருக்கறவன் என்ன பண்ணோணுங்க, சாமி?"

நல்ல கேள்வி என்று முன்வரிசையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நெசவுக்காரர் இதற்கு என்ன பதில் வரப்போகிறது என்று நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் சாமி. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை, விறகு பொறுக்க வந்த பெண்களிடம் ஒரு பேன் சீப்பை வாங்கிக்கொண்டு சாமி சுனைக்கு இறங்கினார். மானின் தலைமாட்டில் உட்கார்ந்தார். இடது கையை அதன் கழுத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வலது கையால் மயிரைக் கைப்பக்கமாக வாரினார். சீப்பில் வந்த ஈக்கள் அவர் கை மேல் விழுந்தன. விழுந்தவை கொஞ்ச நேரம் அங்குமிங்கும் ஓடின. பிறகு முழங்கையின் உள்பக்கம், மேல்கையின் அடிப்பக்கம் என்று இடம் பார்த்து ஒட்டிக்கொண்டன. சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து அவற்றின் மேல் மூடினார்.

"கடிக்குமுங்க, சாமி" என்றார் அங்கண்ணன்.

"கடிக்கட்டும். அதுக்கும் பசிக்குமில்ல."

வாரிக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்து, நீங்களும் ஒரு கையை நீட்டுகிறீர்களா என்று கேட்டார். அங்கண்ணன் இரண்டு கையையும் மடிக்குள் இழுத்துக்கொண்டார். தனக்கு ஒத்துக்கொள்ளாது, தடித்துவிடும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கஞ்சிக் கலயத்தைக் கழுவுகிற சாக்கில் சுனைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்படியே தினமும் நடந்தது. சாமியின் கை சிவந்து தடித்தது. இரவில் தூக்கத்தில் சொறிகிறார் என்று பக்கத்தில் படுக்கிறவர்கள் சொன்னார்கள். நான் வேப்பிலை அரைத்துக் கொடுத்தேன். ஈயைப் போட்ட கையில் வேப்பிலையைப் போட்டால் அவை எங்கே போகும் என்று சொல்லி மற்றக் கையில் பூசிக்கொண்டார். சில மனுஷர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

மான் தலையைத் தூக்க ஆரம்பித்தது. போட்ட புல்லைத் தின்றது. தானே திரும்பித் தன் தொடையை நக்கிக்கொண்டது. அது ஒவ்வொரு வாய் தின்னத் தின்ன அங்கண்ணன் இளைத்துக்கொண்டே வந்தார். முன்பெல்லாம் கஞ்சியை வழித்துக் குடிப்பவர், இப்போது கலயத்தைக் கையில் பிடித்தபடி மானையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் சாமி வாரிக்கொண்டிருக்கும்போது ஒரு புது ஈ பறந்து வந்து மானின் முதுகில் உட்கார்ந்தது. அதற்கு இறக்கை இருந்தது.

"இதைப் பாருங்க" என்றார் சாமி. "பொறக்கும்போது எல்லா ஈ மாதிரியும் இதுக்கும் இறக்கை உண்டு. இலை மேல உக்காந்து காத்துக்கிட்டே இருக்கும். ஒரு மானைக் கண்டு வந்து உக்காந்துட்டா, இறக்கையை ஒடிச்சுப் போட்டுரும். அப்புறம் சாகற வரைக்கும் அந்த மான்தான் அதுக்கு ஊரு. எங்கப்பா வெள்ளாடு மேய்ச்சவரு. ஆட்டு மேலயும் இந்தச் சாதி உண்டு."

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஈ மயிருக்குள் நுழைந்தது. மறுபடி தெரிந்தபோது ஒரு பக்கத்து இறக்கை இல்லை.

அங்கண்ணனின் முகம் வெகு நாளைக்குப் பிறகு தெளிந்தது. "நம்மளை மாதிரிங்க" என்றார். "நானும் இப்படித்தான் எல்லாத்தையும் ஒடிச்சுப் போட்டுட்டு வந்தேன்."

"ஆமா. உங்களை மாதிரித்தான்."

அவருக்கு அது பிடித்திருந்தது. துண்டு விலகிய இடத்தில் சாமியின் கையில் இருந்த ஈக்களை முதல் முறையாகக் குனிந்து பார்த்தார்.

சாமி கேட்டார். "மான் செத்தா இது என்ன ஆகும்?"

"மான் உடம்பு ஆறுனதும் இதுவும் போச்சுங்க. பறந்து இன்னொரு மானுக்கும் போக முடியாது."

"ம்" என்றார் சாமி. மறுபடி வாரத் தொடங்கினார்.

சில நாளில் வாருவதையும் நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் ஈ மிச்சம் இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, இருக்கட்டும், இத்தனையை அது தாங்கும் என்றார். சீப்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்தனுப்பினார்.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலை நான் கஞ்சிக் கலயத்தோடு இறங்கினேன். சாமியும் முகம் கழுவக் கூட வந்தார். மான் எழுந்து நின்றுகொண்டிருந்தது. நின்றது மட்டுமல்ல, வேலிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. முள்ளில் மார்பு மோதிற்று, பின்வாங்கிற்று, மறுபடி மோதிற்று. முன்னங்காலில் ரத்தம் வழிந்தது. உள்ளே ஒரு புல் இல்லை. சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. காட்டு மானை வேலிக்குள் அடைத்தால் அப்படித்தான் செய்யும், மோதி மோதியே விழுந்துவிடும்.

அங்கண்ணன் வேலிக்கு வெளியே, வழியை அடைத்திருந்த முள் கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அந்தக் கட்டை இழுத்துப் போட்டால் போதும், மான் போய்விடும். அவர் இழுக்கவில்லை. இடுப்பில் கத்தி இருந்தது. கத்தியை எடுக்கப்போகிறவர் இல்லை அவர், அது எனக்கு நிச்சயம். அவர் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. அப்படியே நின்றால் போதும். மான் தானாகச் செத்துவிடும்.

சாமி அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"நேத்து சாயங்காலமே எழுந்துருச்சுங்க" என்றார் அங்கண்ணன். "திறக்கோணும்னு தெரியுது. கை வரமாட்டேங்குது."

சாமி மானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் வந்த உடனே அதோட காதைத் தொட்டுப் பாப்பேனுங்க, ஆறிப்போச்சான்னு. சூடா இருந்தா எனக்கு நெஞ்சை அடைக்கும். செத்துப்போ, செத்துப்போன்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் புல்லைப் போட்டேன். எனக்கு அறுபதாச்சு. இதை விட்டா இன்னொரு மான் எங்க கிடைக்கும்? பாயிலயே செத்துருவனுங்க, சாமி. வீட்டுலயும் இல்லாம இங்கயும் இல்லாமச் செத்துருவேன்."

அழுதார். ஐந்தாறு ஊருக்கு மஞ்சள் விலை வைத்த மனுஷர், மூக்கைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதார். எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய், பாவமாக இருந்தது. கலயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஈயைப் பத்தி அன்னைக்குக் கேட்டனே, அது நெசமான கேள்வி இல்லீங்க" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சும் நீங்க ஏன் ஒண்ணும் சொல்லலை?"

சாமி துண்டை விலக்கினார். முழங்கை மடிப்பில் இரண்டு ஈ மிச்சம் இருந்தது. சுற்றிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

"இதுங்ககிட்டக் கேட்டுப் பாத்தேன்."

அங்கண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். "என்ன சொல்லுச்சுங்க?"

"மான் நல்லா இருக்கோணும்ங்குது. அதோட ரத்தத்தைக் குடிக்கற வாயால அதைத்தான் சொல்லுது."

மான் இன்னொரு முறை மோதிற்று. முள் கட்டு ஆடிற்று.

அங்கண்ணன் கொஞ்ச நேரம் ஆடிய முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து வெறுங்கையால் கட்டைப் பற்றி இழுத்தார். அது காய்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தது, லேசில் வரவில்லை. நான் கலயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகொடுக்கப் போனேன். சாமி என்னைக் கையால் தடுத்தார். அங்கண்ணன் தனியாகவே இழுத்துப் போட்டார். வழி கிடைத்தது.

மான் முதலில் பின்னுக்குப் போனது. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பிறகு ஒரே தாவலில் எங்கள் மூன்று பேரையும் கடந்து வெளியே வந்துவிட்டது. நன்றியோடு திரும்பிப் பார்த்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மான் அது. மேட்டில் ஏறிற்று, லேசாக நொண்டிக்கொண்டு. வெயில் முதுகில் விழுந்தபோது புள்ளிகள் எல்லாம் தெரிந்தன. அதன் மேல் மிச்சமிருந்த ஈக்களும் அதோடு போயின.

அங்கண்ணன் மரங்களுக்குள் அது மறைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டிற்று. ரொம்பத் தணிந்த குரலில், கேட்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி, கேட்டார்.

"சாமி, என் தோலுங்க?"

சாமியும் அந்தத் திக்கிலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மான் போத்திக்கிட்டுப் போகுது" என்றார்.